வெள்ளம் வடிந்ததும் கிக்கரை மிதிக்காதீர்கள்

மாணவர்களே, ஜொகூரில் இருப்பவர்களுக்கு வடகிழக்குப் பருவமழையைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. நவம்பர் தொடங்கி மார்ச் வரை நாம் வானத்தையும் கால்வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்போம். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி, சிகாமட் வட்டாரங்களில் அடுத்தடுத்து இரண்டு வெள்ளம் வந்தது. முதல் வெள்ளத்தின் சேற்றைக் கழுவி முடித்தவர்கள் வீட்டுக்குள் மறுபடியும் தண்ணீர் புகுந்தது. 2023 மார்ச்சில் பத்து பஹாட், யோங் பெங் பக்கம் வந்த வெள்ளமோ போக மறுத்தது. மலாய்க்காரர்கள் அதற்கு 'பஞ்சிர் தெர்மெனுங்' என்று பெயர் வைத்தார்கள். யோசனையில் ஆழ்ந்து உட்கார்ந்துவிட்ட வெள்ளம் என்று பொருள். வாரக்கணக்கில் அப்படியே நின்றது.

இப்படி ஒரு வெள்ளத்தில் வீட்டில் முதலில் மூழ்குவது பெரும்பாலும் மோட்டார் சைக்கிள்தான். டி.வி.யை மேசைமேல் தூக்கி வைக்கலாம், துணிமணியை அலமாரியின் மேல் தட்டில் அடைக்கலாம். நூறு கிலோவை எட்டும் கப்சாயை எங்கே தூக்கி வைப்பது? நம் குடும்பங்கள் பலவற்றில் அந்தக் கப்சாய்தான் சம்பளம். பாசிர் கூடாங் தொழிற்சாலைக்கோ, பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்கோ விடியுமுன் புறப்படும் அப்பாவுக்கு வேறு வாகனம் கிடையாது. அதனால்தான் இந்த வாரம் எஞ்சினைப் பற்றி எழுதுகிறேன். உங்களில் பலருக்கு மோட்டார் சைக்கிள் உரிமம் எடுக்கும் வயதான 16 இன்னும் ஆகியிருக்காது. ஓட்டத்தான் உரிமம் வேண்டும், பராமரிக்க வேண்டியதில்லை.

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். 2007 ஜனவரியில் நான் படிவம் 5. இரண்டாவது வெள்ளம் வடிந்து வீட்டுக்குத் திரும்பியபோது அப்பாவின் கப்சாய் இருக்கை வரைக்கும் சேறு பூசிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றது. அப்பா வீட்டுக்குள் சேறு வாரிக்கொண்டிருந்தார். நான் அவருக்கு உதவுவதாக நினைத்து வண்டியைக் கழுவி, சாவியைத் திருப்பி, கிக்கரை மிதித்தேன். பாதி தூரம் இறங்கிய கிக்கர் கல்லில் மோதியதுபோல் நின்றது. அங்கேயே விட்டிருக்க வேண்டும். விடவில்லை. பக்கத்து வீட்டு நண்பனைக் கூப்பிட்டேன். இருவரும் ஏறி, மேட்டுச் சாலையிலிருந்து வண்டியை உருட்டிவிட்டு இரண்டாவது கியரைப் போட்டோம். 'டக்' என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு எஞ்சின் சுற்றவே இல்லை.

பட்டறைக்காரர் பிளக்கைக் கழற்றிவிட்டு கிக்கரைக் கையால் மெல்ல அழுத்தினார். பிளக் துளை வழியாகப் பழுப்புத் தண்ணீர் பீய்ச்சியடித்தது. "ஆயர் மாசோக்" என்றார், தண்ணீர் உள்ளே போய்விட்டது என்று. பிறகு எஞ்சினை இறக்கிப் பிரித்தபோது கனெக்டிங் ராட் வளைந்திருந்தது. அப்பா என்னைத் திட்டவில்லை. "தண்ணியோட ஏன்டா தள்ளுன?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். அவர் மூன்று வாரம் மற்றவர்களின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போனார்.

என்னை இன்றும் உறுத்துவது பணம் மட்டுமில்லை. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், படிவம் 4 ஆண்டிறுதித் தேர்வில், பாஸ்கல் கோட்பாட்டுக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன். நீரியல் தடையின் படத்தை அம்புக்குறிகளோடு வரைந்து, 'திரவங்களை அமுக்க முடியாது, ஆகவே அவை அழுத்தத்தை எல்லாத் திசைகளிலும் கடத்துகின்றன' என்று எழுதியிருந்தேன். அந்த வாக்கியம் தேர்வுத்தாளில் எனக்குத் தெரிந்திருந்தது. முற்றத்தில் தெரியவில்லை.

இப்போது கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நம் ஊரில் நிறைய ஓடும் பழைய கப்சாய்களின் எஞ்சின் 97 சி.சி. அதாவது பிஸ்டன் கீழிருந்து மேலே போகும்போது 97 மில்லிலிட்டர் இடத்தைக் கடக்கிறது. நான்கு வீச்சு எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை உறிஞ்சுவது முதல் வீச்சு, அமுக்குவது இரண்டாவது, எரிந்து தள்ளுவது மூன்றாவது, புகையை வெளியேற்றுவது நான்காவது. இரண்டாவது வீச்சில் கலவை ஏறக்குறைய 9-இல் 1 பங்காகச் சுருங்குகிறது. அப்படியானால் பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மிஞ்சும் இடம் எவ்வளவு? அதை V என்று வைத்துக்கொள்ளுங்கள். V-யோடு 97-ஐக் கூட்டினால் வருவது 9V. ஆகவே V என்பது சுமார் 12 மில்லிலிட்டர். இரண்டரை தேக்கரண்டி.

அந்த அறைக்குள் இரண்டரை தேக்கரண்டிக்கு மேல் தண்ணீர் இருந்து, வால்வுகளும் மூடியிருந்தால், பிஸ்டன் உச்சிக்குப் போக முடியாது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. சரியாகச் சொன்னால் மிக மிகக் கொஞ்சம் அமுங்கும். ஒரு விழுக்காடு சுருக்கவே வளிமண்டல அழுத்தத்தைப்போல் 200 மடங்குக்கு மேல் வேண்டும். அதற்குள் வேறு ஏதாவது விட்டுக்கொடுத்துவிடும். விட்டுக்கொடுப்பது வழக்கமாக கனெக்டிங் ராட். அது மெலிந்த தண்டு. அதன் வேலையே இரு முனையிலும் அழுத்தம் வாங்குவது.

சும்மா காலால் மிதித்தால் பெரும்பாலும் கிக்கர் நின்றுவிடும், எஞ்சின் தப்பிவிடும். நான் செய்ததுதான் பெரிய தவறு. வண்டியும் இரண்டு பையன்களும் சேர்ந்து சுமார் 200 கிலோ. விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் உருண்டோம் என்று வைத்துக்கொண்டால், இயக்க ஆற்றல் 1600 ஜூல். அவ்வளவும் ராடுக்குப் போகாது. பின் டயர் சறுக்கும், சங்கிலி இழுபடும். ஆனால் அதில் ஒரு பங்கு போதும். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் வெள்ளநீரை உறிஞ்சினால் நிலைமை இன்னும் மோசம். வண்டி நிற்கும்போதே எஞ்சின் விநாடிக்கு இருபது தடவைக்கு மேல் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆகவே தண்ணீருக்குள் ஓட்டும்போது எஞ்சின் அணைந்துவிட்டால், அங்கேயே மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது. இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். தண்ணீர் எக்சோஸ் குழாயை எட்டிவிட்டதா என்றுதான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். ஓடும் எஞ்சினின் புகை அந்தத் தண்ணீரை ஓரளவு தள்ளிக்கொண்டே இருக்கும். பயப்பட வேண்டியது காற்று உள்ளே போகும் வழிக்குத்தான். பழைய கப்சாய்களில் காற்று வடிகட்டி கால்மறைப்புக்குப் பின்னால் சற்று உயரத்தில் இருக்கிறது. ஸ்கூட்டர்களில் அது பல நேரம் பின்சக்கரத்தின் பக்கம், தாழ்வாக. உங்கள் வீட்டு வண்டியில் எங்கே இருக்கிறது என்று இன்றே பார்த்து வையுங்கள்.

வெள்ளத்துக்குப் பின் தாமான் முழுவதும் அறிவுரை இலவசமாகக் கிடைக்கும். அவற்றில் இரண்டை நான் எதிர்க்கிறேன்.

முதலாவது, 'உடனே ஸ்டார்ட் பண்ணி ஓடவிடு, சூட்டில் தண்ணீர் காய்ந்துவிடும்' என்பது. ஏன் கூடாது என்று இப்போது உங்களுக்கே தெரியும். இன்னொரு காரணமும் உண்டு. கப்சாயில் எஞ்சின், கிளட்ச், கியர் மூன்றுக்கும் ஒரே எண்ணெய், முக்கால் லிட்டர் அளவுதான். தண்ணீர் புகுந்த எஞ்சின் சுற்றாமல் நின்றால், எண்ணெய் மேலேயும் தண்ணீர் அடியிலும் தனித்தனியாக இருக்கும். சுற்றவிட்டால் கியர்கள் இரண்டையும் கடைந்துவிடும். கிடைப்பது தே தாரிக் நிறத்தில் ஒரு பால்மம். எஞ்சின் எண்ணெயில் அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும் சேர்மங்கள் கலந்திருக்கின்றன. சோப்பு போல அவை தண்ணீர்த் துளிகளையும் பிடித்துக்கொள்ளும், பிரியவிடாது. அந்தப் பால்மம் உலோகங்களுக்கு நடுவே எண்ணெய்ப் படலமாக நிற்காது.

இரண்டாவது, 'நாலு நாள் வெயிலில் போடு, தானாகக் காய்ந்துவிடும்' என்பது. கேட்க நிதானமான யோசனையாக இருக்கிறது. ஆனால் மூடிய எஞ்சினின் அடியில் தேங்கிய தண்ணீருக்கு வெளியேற வழியில்லை. படிவம் 5 வேதியியலின் முதல் பாடத்தைத் திறந்து பாருங்கள். இரும்பு, நீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு. சிலிண்டரின் உட்சுவர் வார்ப்பிரும்பு. மேலே பாதி காற்று, கீழே பாதி தண்ணீர். வெப்பம் கூடினால் வினையின் வேகமும் கூடும் என்றும் நீங்கள் படித்திருக்கிறீர்கள். வெயிலில் நிறுத்திய எஞ்சின் துருவுக்கு நாமே ஏற்பாடு செய்துகொடுத்த ஆய்வுக்கூடம். நாலு நாளில் பிஸ்டன் வளையங்கள் சுவரோடு ஒட்டிக்கொள்ளலாம். அப்போதுதான் 'எஞ்சின் ஜாம்' என்று கேள்விப்படுவீர்கள்.

அப்படியானால் என்ன செய்வது? வீட்டில் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் சிகரெட், கொசுவர்த்தி எதுவும் கூடாது. சாவியைத் தொடாமல், முதலில் பேட்டரியின் எதிர்மின் கம்பியைக் கழற்றுங்கள். பிளக்கைச் சுற்றியுள்ள சேற்றைக் கழுவிவிட்டுப் பிளக்கைக் கழற்றுங்கள். கழுவாமல் கழற்றினால் மணல் நேராக சிலிண்டருக்குள் விழும். பிறகு எஞ்சினின் அடியில் உள்ள எண்ணெய் போல்ட்டை மெதுவாகத் தளர்த்துங்கள். இந்த இடத்தில் கண்ணை எடுக்காமல் பாருங்கள். எஞ்சினைச் சுற்றாமல் வைத்திருந்தால் முதலில் தண்ணீர் வரும், பின்னால்தான் எண்ணெய் வரும். அடர்த்திப் பாடத்துக்கு இதைவிட நல்ல செய்முறை எனக்குத் தெரியாது. கலங்கிய பால்மமாக வந்தால், யாரோ ஏற்கெனவே மிதித்துவிட்டார்கள் என்று அர்த்தம். விசாரணை தேவையில்லை, எண்ணெயே சொல்லிவிடும்.

எண்ணெய் முழுவதும் வடிந்த பிறகு, பிளக் இல்லாத நிலையிலேயே கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். சிலிண்டரில் உள்ள தண்ணீர் துளை வழியாக வந்துவிடும். முகத்தை அதற்கு நேராக வைக்காதீர்கள். தண்ணீர் நின்றதும் ஒரு தேக்கரண்டி புதிய எஞ்சின் எண்ணெயைத் துளைக்குள் விட்டு, மறுபடி சில தடவை சுற்றுங்கள். சுவரில் எண்ணெய்ப் படலம் ஒட்டியதும் துருவின் வேலை நின்றுபோகும். இதுவரையான வேலையை வெள்ளம் வடிந்த அன்றே செய்துவிட்டால், மீதிக்குப் பட்டறையில் ஒரு வாரம் வரிசையில் நின்றாலும் எஞ்சின் காத்திருக்கும்.

மீதி என்பது காற்று வடிகட்டியை மாற்றுவது, கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தையும் பெட்ரோல் தொட்டியையும் காலிசெய்வது, புது எண்ணெய் ஊற்றுவது. பெட்ரோல் பீய்ச்சும் வகைப் புது வண்டியாக இருந்தால் மின்னணுப் பகுதிகளைப் பட்டறைக்கு விட்டுவிடுங்கள். எண்ணெய் விஷயத்தில் ஒரு செலவைத் தவிர்க்கலாம். முதல் தடவை ஊற்றுவது கழுவுவதற்காகத்தான். ஐந்து நிமிடம் ஓடவிட்டு வடித்துவிடப் போகிறோம். அதற்கு விலை குறைந்த சாதாரண எண்ணெய் போதும். நிறம் தெளியும்வரை இரண்டு மூன்று தடவை மாற்ற வேண்டியிருக்கலாம். கடைசியாக ஊற்றும் எண்ணெய் மட்டும் நல்லதாக இருக்கட்டும். புட்டியில் 'ஜாசோ எம்.ஏ.' என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணெயில் நனைந்தபடி இயங்கும் மோட்டார் சைக்கிள் கிளட்ச்சுக்கென்று வகுத்த தரம் அது. சில கார் எண்ணெய்களில் வழுக்கலைக் கூட்டும் பொருட்கள் இருக்கும். அவை கிளட்ச்சையும் சேர்த்து வழுக்கவைத்துவிடும்.

பிரேக் டிரம்மைத் திறந்து சேற்றைக் கழுவுவது, சங்கிலியைச் சுத்தம் செய்து எண்ணெய் விடுவது, சக்கர பேரிங்கில் கரகரப்பு இருக்கிறதா என்று சுற்றிப் பார்ப்பது, இவை எல்லோருக்கும் தெரிந்தவை. ஆனால் எஞ்சின் ஓடிய மகிழ்ச்சியில் பிரேக்கை மறந்துவிடாதீர்கள். ஓடாத வண்டி யாரையும் கொல்வதில்லை.

எஞ்சினை இறக்குவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெள்ளத்துக்குப் பின் சில இடங்களில் வண்டியைப் பார்த்த உடனேயே 'எஞ்சின் இறக்கணும்' என்பார்கள். கப்சாய் எஞ்சினை இறக்குவது ஒன்றும் மலையைப் புரட்டுவதில்லை. எக்சோஸ், கார்புரேட்டர், சங்கிலி, கியர் மிதி, மின்கம்பிகள் ஆகியவற்றை விடுவித்தால், சட்டத்தோடு பிடித்திருக்கும் சில போல்ட்டுகள்தான். இறக்குவது எளிது என்பதற்காக இறக்கக் கூடாது. திறந்த எஞ்சினுக்கு கேஸ்கட் புதிதாக வேண்டும், கூலி கூடும், சேறு நிறைந்த பட்டறையில் தூசியும் புகும். பிளக்கைக் கழற்றி, தண்ணீரை வெளியேற்றி, எண்ணெய் மாற்றிய பிறகு எஞ்சின் சீராகச் சுற்றி, அமுக்கமும் சரியாக இருந்தால் அதை ஏன் திறக்க வேண்டும்? எண்ணெயோடு மணலும் வந்தால், சுற்றும்போது தட்டும் சத்தம் கேட்டால், துளையில் எண்ணெய் ஊற்றி இரண்டு நாள் ஊறவைத்தும் அசையாவிட்டால், அப்போது இறக்குங்கள். எனக்கு நேர்ந்ததுபோல் ராட் வளைந்திருந்தால் வேறு வழியே இல்லை. முதலில் அறிகுறி, பிறகு சோதனை, அதற்குப் பிறகுதான் அறுவை. மருத்துவரிடம் நாம் எதிர்பார்ப்பது இதைத்தானே?

இதையெல்லாம் அறிவியல் இணைப்பில் எழுத வேண்டுமா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். பாடத்திட்டம் ஏற்கெனவே நிரம்பி வழிகிறது, இது பட்டறைக்காரன் வேலை என்றார். அவர் சொன்னதில் முதல் பாதி உண்மை. இரண்டாவது பாதியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நம் சமூகத்தில் பட்டறை என்பது படிக்காதவனை அனுப்பும் இடமாகிவிட்டது. 'படிக்கலன்னா பட்டறைக்குத்தான் போவ' என்ற மிரட்டலை நீங்களும் கேட்டிருப்பீர்கள். என் வகுப்பின் கடைசி வரிசையில், சனி ஞாயிறு பட்டறையில் வேலை செய்யும் மாணவன் எப்போதும் ஒருவராவது இருப்பார். நகக்கண்ணில் கறுப்பு எண்ணெய் இருக்கும். பாஸ்கல் கோட்பாட்டை மலாயில் நான்கு வரி எழுதச் சொன்னால் திணறுவார். ஆனால் மிதித்த கிக்கர் பாதியில் நின்றால் அடுத்த மிதி மிதிக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும். 17 வயதில் முழு மதிப்பெண் வாங்கிய எனக்கு அது தெரியவில்லை. எங்கள் இருவரிடமும் பாதிப் பாதி அறிவியல்தான் இருந்தது. முன்வரிசையில் இருந்தவனுக்குப் பாராட்டு கிடைத்தது, பின்வரிசையில் இருப்பவருக்கு மிரட்டல் கிடைக்கிறது.

என் யோசனை சிறியது. வெள்ளம் வரும் மாவட்டங்களில் உள்ள இடைநிலைப்பள்ளிகள், அக்டோபரில் ஒரு பிற்பகலை, இரண்டே மணி நேரத்தை, இதற்கு ஒதுக்கலாம். பட்டறையில் கேட்டால் ஓடாத பழைய எஞ்சின் ஒன்று கிடைக்கும். அதற்குள் அரை லிட்டர் தண்ணீரை ஊற்றிவிட்டு, வெளியே எடுக்கச் சொல்லுங்கள். மாணவிகளும் செய்யட்டும், தாமானில் வேலைக்கு மோட்டாரில் போகும் அம்மாக்கள் குறைவா என்ன? கற்றுக்கொடுக்க அந்தக் கடைசி வரிசை மாணவரையே நிறுத்துங்கள். ஏன் தண்ணீர் முதலில் வருகிறது, ஏன் எண்ணெய் வெளுத்துப்போகிறது என்ற கேள்விகளை மட்டும் ஆசிரியர் பார்த்துக்கொள்ளட்டும்.

பள்ளி ஏற்பாடு செய்யும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். இந்தச் சனிக்கிழமை அப்பாவிடமோ அம்மாவிடமோ கேட்டு, வண்டியின் கருவிப் பையைத் தேடி எடுங்கள். பெரும்பாலும் இருக்கைக்கு அடியில் இருக்கும். அதில் பிளக் கழற்றும் குழாய் ஸ்பேனர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வண்டிக்குப் பொருந்தும் அளவில் ஒன்று வாங்கி, வண்டியில் வைக்காமல் வீட்டில் உயரமான இடத்தில் வையுங்கள். வண்டி மூழ்கினால் அதுவும் சேர்ந்து மூழ்கும். அப்பா பக்கத்தில் இருக்க, எஞ்சின் ஆறியபின், ஒரு தடவை பிளக்கைக் கழற்றி மாட்டிப் பழகுங்கள். முதல் சில சுற்றுகளைக் கையால்தான் திருக வேண்டும், இல்லையென்றால் அலுமினியப் புரி கெட்டுவிடும். வடித்த பழைய எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். அது சட்டப்படி பட்டியலிடப்பட்ட கழிவு. மூடியுள்ள புட்டியில் ஊற்றி பட்டறையில் கொடுங்கள், தொட்டியில் சேர்த்து வைத்து அனுப்புவார்கள்.

அப்பாவின் வண்டியிலும் அந்த ஸ்பேனர் இருந்தது. எஞ்சினை இறக்கிய அன்று பட்டறைக்காரர்தான் இருக்கையைத் தூக்கி எடுத்துக் காட்டினார். பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரித்திருக்கவில்லை.